ஈரல் தழும்பும் மூலிகைச் சரக்கும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரலில் தழும்பு என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். உள்ளே என்னதான் நடக்கிறது?

கையில் ஆழமாக வெட்டுப்பட்டு ஆறினால் அந்த இடத்தில் தோல் தடித்து நிற்கும். ஈரலுக்குள்ளும் அதே கதைதான். ஈரல் கலங்களுக்கும் அவற்றை ஒட்டி ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்க்கும் நடுவே ஓர் ஒடுங்கிய இடைவெளி உண்டு. அங்கே நட்சத்திரக் கலங்கள் என்று ஒரு வகை குடியிருக்கிறது. சும்மா இருக்கும் காலத்தில் அவற்றின் வேலை விற்றமின் ஏ-யைச் சேமித்து வைப்பது. சாராயம், கொழுப்பு, வைரஸ் என்று ஏதோ ஒன்று ஈரல் கலங்களை நாள்தோறும் சாகடித்துக்கொண்டிருந்தால், டி.ஜி.எஃப்-பீற்றா போன்ற சமிக்ஞைகள் இந்தக் கலங்களை உசுப்பிவிடும். அவை விற்றமினைக் கைவிட்டு, கொலாஜன் நாரை நெய்யத் தொடங்கும். நார் கூடக் கூட, இரத்தம் ஈரலுக்குள் புகுந்து வெளிவரும் பாதை இறுகும். வயிற்றில் நீர் கட்டுவதும் உணவுக் குழாயில் நாளங்கள் புடைப்பதும் அந்த இறுக்கத்தின் விளைவுதான்.

மூலிகை ஆய்வுகள் பெரும்பாலும் குறிவைப்பது இந்த நட்சத்திரக் கலத்தைத்தான். அதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றப் பதில்கள் இலகுவாக விளங்கும்.

ரிப்போட்டில் "எஃப் 2" என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

எஃப் 0 என்றால் தழும்பு இல்லை. எஃப் 1 மெல்லியது, எஃப் 2 நடுத்தரம், எஃப் 3 முற்றியது, எஃப் 4 சிரோசிஸ் எனப்படும் ஈரல் சுருக்கம். எஃப் 2 என்பது திருப்ப முடிகிற கட்டம், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற கட்டமில்லை. ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கான் எடுத்திருந்தால் அதில் கிலோபாஸ்கல் கணக்கு வரும். 8க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 15க்கு மேலே போனால் சிரோசிஸை நினைத்தே ஆகவேண்டும். சாப்பிட்ட கையோடு எடுத்தால் எண் பொய்யாகக் கூடும். குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிறாக இருந்து எடுக்க வேண்டும். செங்கமாரி உச்சத்தில் இருக்கும்போதும் எண் கூடித்தான் காட்டும்.

ஸ்கானுக்கு அலையாமல் ஊரிலேயே ஒரு கணக்குப் பார்க்க முடியுமா?

முடியும். ஃபிப்-4 என்ற கணக்கு. வயது, எஸ்.ஜி.ஓ.ரி, எஸ்.ஜி.பி.ரி (இரண்டும் ஈரல் என்சைம்கள்), இரத்தத்தை உறைய வைக்கும் பிளேற்லெற்றின் எண்ணிக்கை ஆகிய நான்கும் போதும். சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே இவை வந்துவிடும். வயதை எஸ்.ஜி.ஓ.ரி-யால் பெருக்குங்கள். பிளேற்லெற்றை (ஆயிரக் கணக்கில்) எஸ்.ஜி.பி.ரி-யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் பிரியுங்கள்.

52 வயது ஒருவரைப் பாருங்கள். எஸ்.ஜி.ஓ.ரி 48, எஸ்.ஜி.பி.ரி 64, பிளேற்லெற் 180 ஆயிரம். 52ஐ 48ஆல் பெருக்க 2496. 64இன் வர்க்கமூலம் 8. 180ஐ எட்டால் பெருக்க 1440. 2496ஐ 1440ஆல் பிரித்தால் 1.73.

1.3க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்பு பெரும்பாலும் இல்லை (65 வயது தாண்டியவர்களுக்கு இந்த எல்லை 2.0). 2.67க்கு மேலே போனால் பொறுத்திருக்கக் கூடாது. மேலே வந்த 1.73 இடைப்பட்டது, அவருக்கு ஃபைப்ரோஸ்கான் தேவை. டெங்கு வந்த கிழமையில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். பிளேற்லெற் விழுந்து, ஈரல் என்சைம் ஏறி, இல்லாத சிரோசிஸைக் காட்டும்.

எனக்குக் குடிப்பழக்கமே இல்லை. பிறகெப்படி ஈரலில் தழும்பு?

ராகமையில் நடந்த சமூக ஆய்வொன்றில் வளர்ந்தவர்களில் 32.6 சதவீதத்தினருக்கு ஃபற்றி லிவர், அதாவது ஈரலில் கொழுப்புப் படிவது, இருந்தது. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். அது 2009இல் வெளியான கணக்கு. ஈரலைத் தாக்கும் வைரஸ் நோய்களான ஹெப்பரைற்றிஸ் பி-யும் சி-யும் நம் நாட்டில் குறைவு என்பதால், குடிக்காதவருக்குத் தழும்பு என்றால் முதலில் நினைக்க வேண்டியது சீனி வருத்தமும் இடுப்புச் சுற்றளவும்தான். மெலிந்தவருக்கும் வரும். நம்மவர் உடலில் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 23 தாண்டினாலே கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒருமுறை விழுந்த தழும்பு திரும்பாது என்கிறார்களே?

பழைய பாடம் அது. இன்று திரும்பும் என்பதற்கு மனிதரிலேயே அத்தாட்சி இருக்கிறது. நாரை நெய்கிற கலங்கள் பக்கத்திலேயே நாரைக் கரைக்கிற நொதிகளும் உண்டு. சேதம் நின்றால் நெய்கிறவற்றில் ஒரு பகுதி செத்துப்போகும், ஒரு பகுதி பழையபடி உறங்கப் போகும், கரைக்கிற பக்கம் கை ஓங்கும்.

ஹெப்பரைற்றிஸ் பி உள்ளவர்களுக்குத் தெனொஃபோவிர் குளிசை ஐந்து வருடம் கொடுத்து மறுபடி ஈரல் துண்டெடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு ஐந்தாம் வருடத்தில் சிரோசிஸ் இல்லை. கியூபாவில் ஃபற்றி லிவர் நோயாளர் 293 பேரை ஒரு வருடம் உணவும் நடையுமாகப் பார்த்தார்கள். உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 45 சதவீதத்தினருக்குத் தழும்பு குறைந்தது. 80 கிலோ இருப்பவர் 8 கிலோ இறக்க வேண்டும். எந்த மூலிகையும் இந்த இரண்டு எண்களுக்குக் கிட்ட வந்ததில்லை.

பல வருடம் கிடந்து, நாருக்கு நார் குறுக்குப் பிணைப்பு விழுந்து இறுகிய தழும்பு மெதுவாகத்தான் கரையும்; சில இடத்தில் கரையாமலே நிற்கும். அதனால்தான் எஃப் 2இல் பிடிப்பதற்கும் எஃப் 4இல் பிடிப்பதற்கும் இத்தனை வித்தியாசம்.

இயற்கைச் சரக்கு எல்லாம் ஆய்வில் வேலை செய்கிறது என்று வாசித்தேன். எலியில் சரிவந்தது ஏன் எங்களுக்குச் சரிவராது?

மூன்று காரணம். முதலாவதுதான் முக்கியம், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எலிக்குத் தழும்பு உண்டாக்கக் கார்பன் ரெற்ராகுளோரைட் என்ற நச்சை வாரத்துக்கு இரண்டு தடவை, ஆறு எட்டு வாரம் ஏற்றுவார்கள். அந்த நச்சு தானாகக் கொல்லாது; ஈரலில் உள்ள ஒரு நொதி அதை உடைக்கும்போது வருகிற துண்டுதான் கொல்லும். பல ஆய்வுகளில் மூலிகையை நச்சோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். மூலிகை அந்த நொதியை மட்டும் அடக்கினாலே போதும், நச்சு உடையாது, தழும்பு வராது. ரிப்போட்டில் "தழும்பைக் குறைத்தது" என்று எழுதப்படும். உண்மையில் விழுந்த தழும்பை அது தொடவே இல்லை. உங்கள் ஈரலில் தழும்பு ஏற்கெனவே விழுந்துவிட்டது. ஆகவே ஆய்வை வாசிக்கும்போது, மூலிகையை நச்சுக்கு முன் கொடுத்தார்களா, நச்சை நிறுத்திய பின் கொடுத்தார்களா என்று பாருங்கள். பின் கொடுத்ததாக இருந்தாலும் இன்னொரு சிக்கல்: நச்சை நிறுத்தினால் எலியின் ஈரல் சில வாரத்தில் தானாகவே தேறத் தொடங்கும்.

இரண்டாவது, அளவு. எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் குர்க்குமின் (மஞ்சளின் முக்கியச் சத்து) கொடுத்தார்கள் என்று வைப்போம். மனித அளவுக்கு மாற்ற 6.2ஆல் பிரிக்க வேண்டும்; கிலோவுக்கு 32 மில்லிகிராம். 65 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 2.1 கிராம். மஞ்சள்தூளில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம்தான். 2.1 கிராம் வேண்டுமென்றால் 70 கிராம் மஞ்சள்தூள், தேக்கரண்டிக் கணக்கில் இருபத்திமூன்று. ஒரு நாளுக்கு. எந்தக் குழம்பும் தாங்காது.

மூன்றாவது, காலம். எலிக்கு எட்டு வாரத்தில் வந்த தழும்பு உங்களுக்கு இருபது வருடத்தில் வந்தது.

கீழ்க்காய்நெல்லி செங்கமாரிக்குக் கைகண்ட மருந்தல்லவா? தழும்புக்கும் நல்லதுதானே?

செங்கமாரிக்கு அது பெயரெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஊரில் சிறுவருக்கும் இளைஞருக்கும் வருகிற செங்கமாரியில் நிறைய ஹெப்பரைற்றிஸ் ஏ. அது சில வாரத்தில் தானாக மாறும். அந்த வாரங்களில் யார் எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான்.

ஹெப்பரைற்றிஸ் பி-க்கு இதைச் சென்னையில் முறையாகவே சோதித்தார்கள். 1988இல் வெளியான ஆய்வில் உலர்ந்த செடித்தூள் 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேற்புரதம் காணாமற்போனது. மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு கொக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) மீளாய்வும் வெற்றுக் குளிசையைவிடத் திடமான நன்மை காட்டவில்லை என்றே முடித்தது.

எடுப்பவர்கள் செடியையாவது சரியாகப் பறியுங்கள். வயல் வரம்பில் மூன்று நான்கு வகை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். காம்பின் அடியில் காய் இருப்பது எல்லாவற்றுக்கும் பொதுதான். ஆய்வில் பயன்பட்ட வகையின் காய் வழுவழுப்பாக, சிறு காம்போடு தொங்கும். பூவைக் கவிழ்த்தால் புல்லி இதழ் ஐந்து. ஆறு இருந்தால் வேறு வகை. தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் சொரசொரப்பாக ஒட்டியிருந்தால் அதுவும் வேறு. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் களைநாசினி அடித்த வரம்பில் பறிக்க வேண்டாம்.

இன்னொன்று. வயலில் இறங்குபவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்து கண் மஞ்சளானால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு அன்டிபயோற்றிக் வேண்டும், அதுவும் அன்றைக்கே. கீழ்க்காய்நெல்லி அரைத்துக்கொண்டிருந்தால் சிறுநீரகம் போய்விடும்.

மஞ்சளும் மிளகும் சேர்த்த குளிசை வாங்கலாமா?

குர்க்குமின் ஆய்வுக்கூடத்தில் கெட்டிக்காரன். அழற்சிப் பாதையை அடைக்கிறது, நட்சத்திரக் கலத்தை உறக்கத்துக்குத் தள்ளுகிறது. உடம்புக்குள் போனதும் வேறு கதை: குடலில் கொஞ்சம்தான் உறிஞ்சும், உறிஞ்சியதையும் ஈரல் உடனே மாற்றி வெளியேற்றும். மிளகிலுள்ள பைப்பரின் அந்த மாற்றத்தைத் தடுக்கும். 1998இல் வெளியான ஓர் ஆய்வில் 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது உடலில் கிடைத்த அளவு 20 மடங்கு கூடியது. கடையில் விற்கிற குளிசை எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் ஓடுகிறது.

கறிக்குப் போடும் மஞ்சளுக்கும் இந்தக் குளிசைக்கும் உறவில்லை. அமெரிக்காவில் 2022இல் வெளியான பதிவில் மஞ்சள் குளிசையால் ஈரல் பாதிப்பு என்று 10 பேர். ஐந்து பேர் வைத்தியசாலையில் தங்க வேண்டி வந்தது, ஒருவர் இறந்தார். பெரும்பாலானவர்களிடம் ஒரே மரபணு வகை காணப்பட்டது. அந்த வகை தனக்கு இருக்கிறதா என்று யாருக்கும் வெளியில் தெரியாது. பைப்பரின் மற்ற மருந்துகளையும் உடலில் தேங்கவைக்கும் என்பது கூடுதல் தலையிடி. ஈரல் ஏற்கெனவே தழும்பானவர் இதைத் தொடவேண்டிய தேவை எங்களுக்குத் தெரியவில்லை.

கறிக்கு மஞ்சளைத் துண்டாக வாங்கி இடித்துக்கொள்வது நல்லது. 2020இல் இறக்குமதி கட்டுப்பட்டு விலை ஏறிய பிறகு தூளில் கலப்படம் பெருகியது ஊரறிந்த விஷயம்.

டொக்டரே சிலிமரின் எழுதித் தந்தார். அதுவும் மூலிகைதானே?

ஆம், ஐரோப்பிய முட்செடி ஒன்றின் விதையிலிருந்து எடுப்பது. பாதுகாப்பில் குறை சொல்ல இல்லை. வயிறு கொஞ்சம் இளகலாம். பலன் எவ்வளவு என்பதுதான் கேள்வி. மலேசியாவில் ஃபற்றி லிவர் அழற்சி உள்ள 99 பேரில் பாதிப் பேருக்கு 700 மில்லிகிராம் மூன்று வேளையும், மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசையும் 48 வாரம் கொடுத்த ஆய்வு 2017இல் வந்தது. அவர்கள் முதன்மையாகப் பார்க்க நினைத்த அளவுகோலில் வித்தியாசம் நிலைநாட்டப்படவில்லை. தழும்பு மட்டும் 22.4 சதவீதத்தினருக்குக் குறைந்தது, வெற்றுக் குளிசையில் 6 சதவீதம். நம்பிக்கை தருகிற செய்திதான். பெரிய ஆய்வில் உறுதியாக வேண்டும்.

அளவைக் கவனியுங்கள். 700 மூன்று வேளை என்றால் 2100 மில்லிகிராம். பாமசியில் கிடைக்கும் 140 மில்லிகிராம் குளிசையில் அது நாளுக்குப் பதினைந்து. இரண்டு குளிசை போட்டுவிட்டு அந்த ஆய்வின் பலனை எதிர்பார்க்க இயலாது. ஹெப்பரைற்றிஸ் சி-க்கு இதே பெரிய அளவைக் கொடுத்துப் பார்த்த 2012 ஆய்வில் எஸ்.ஜி.பி.ரி அசையவே இல்லை.

அதிமதுரம்? ஜப்பானில் ஊசியாகவே போடுகிறார்களாமே?

போடுகிறார்கள். அதிலுள்ள கிளிசிரைசினை நாட்பட்ட ஈரல் அழற்சிக்கு நாளத்தில் ஏற்றுவது அங்கே பல பத்தாண்டு வழக்கம், என்சைம் இறங்கும். நம்மூர் சிக்கல் வேறு.

சிரோசிஸ் ஆகி வயிற்றில் நீர் கட்டியவருக்கு ஸ்பைரோனோலக்ரோன் குளிசை கொடுப்பார்கள். உப்பைப் பிடித்து வைக்கிற ஹோர்மோனின் வாசலை அது அடைக்கும். அதிமதுரம் அதே வாசலை மறுபக்கத்தால் திறந்துவிடும்: கோட்டிசோலை அந்த ஹோர்மோன்போல நடிக்க வைக்கும். உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். குளிசையையும் குடிநீரையும் ஒன்றாக எடுப்பவரின் வயிறு ஏன் வற்றவில்லை என்று வீட்டில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கிளிசிரைசின் நாளுக்கு 100 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியப் பரிந்துரை. வேரில் 4 சதவீதம் என்று வைத்தாலும் 10 கிராம் வேரில் 400 மில்லிகிராம் இருக்கிறது. முழுவதும் தண்ணீரில் இறங்காவிட்டாலும் எல்லை தாண்டிவிடும். வயிற்றில் நீர், பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்களுக்கு அதிமதுரம் வேண்டாம்.

மரமஞ்சள், சீந்தில், நிலவேம்பு?

மரமஞ்சளில் (சிங்களத்தில் வெனிவெல்) பேர்பரின் உண்டு. சீனி, கொழுப்பு இரண்டையும் சற்று இறக்கும். தழும்பு கரைந்ததற்கு மனிதரில் அத்தாட்சி இல்லை. சீனிக் குளிசையோடு சேர்ந்தால் சீனி விழலாம். கர்ப்பிணிகளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் கூடவே கூடாது. குழந்தையின் செங்கமாரியை மூளை வரை கொண்டுபோகக் கூடியது.

சீந்திலைக் கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று இந்தியாவில் அள்ளிக் குடித்தார்கள். 2022இல் அங்கே 13 நிலையங்களிலிருந்து 43 பேரின் ஈரல் பாதிப்பு பதிவானது. உடலின் காவல்படையே ஈரலைத் தாக்குகிற வகை. தைரொயிட் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் சீந்தில் பக்கம் போகவேண்டாம்.

நிலவேம்பு: எலியில் நிறைய, மனிதத் தழும்பில் ஒன்றுமில்லை. ஹீன் போவிட்டிய என்று சிங்கள வைத்தியத்தில் ஈரலுக்குக் கொடுக்கிற செடியும் அப்படியே. பனடோல் நச்சுக்கு எதிராக இலங்கை ஆய்வுக்கூடங்களில் எலியில் நன்றாகக் காட்டியது, அதற்கு மேல் நகரவில்லை.

எந்தச் செடியை அறவே தொடக்கூடாது?

கிலுகிலுப்பை வகைகள். அவற்றிலுள்ள அல்கலொயிட் ஈரலின் சிறு நாளங்களை அடைத்து, புதிதாகவே தழும்பை உண்டாக்கும். கார்த்திகைப்பூக் கிழங்கு இன்னும் மோசம். வேடிக்கை என்னவென்றால் அதிலிருக்கும் கொல்சிசின் ஒரு காலத்தில் ஈரல் தழும்புக்கு மருந்தாகப் பேரெடுத்தது. 1988இல் மெக்சிக்கோ ஆய்வு உயிர் காக்கும் என்றது. 2005இல் அமெரிக்காவில் 500க்கு மேற்பட்டவர்களில் செய்தபோது ஒரு பலனுமில்லை. கிழங்கைத் தின்றவர்கள் நம் நாட்டு வைத்தியசாலைகளில் இறந்திருக்கிறார்கள்.

கோப்பி நல்லதென்கிறார்கள். உண்மையா?

இயற்கைச் சரக்குகளில் எங்கள் பரிந்துரை இதற்குத்தான். பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவரைப் பின்தொடர்ந்த ஆய்வுகளைச் சேர்த்த 2016ஆம் ஆண்டுக் கணக்கில், நாளுக்கு இரண்டு கோப்பை கூடக் குடிப்பவர்களுக்குச் சிரோசிஸ் வாய்ப்பு 44 சதவீதம் குறைவாக இருந்தது. கோப்பிதான் அதைச் செய்தது என்று இத்தகைய ஆய்வால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எல்லா இடத்திலும் ஒரே திசையைக் காட்டுகிறது, கெடுதியும் குறைவு.

மூன்று கோப்பை, சீனி இல்லாமல். ரின்பால் ஊற்றினால் ஃபற்றி லிவருக்கு வைத்த மருந்தை ஃபற்றி லிவருக்கே உணவாக்கின மாதிரி. மல்லிக் கோப்பியும் சுக்குக் கோப்பியும் பெயரில் மட்டும் கோப்பி. இந்தக் கணக்கில் சேராது. நித்திரை குழம்புகிறவர், நெஞ்சு படபடக்கிறவர், கர்ப்பிணிகள் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கிறீன் ரீ, விற்றமின் ஈ?

கிறீன் ரீ குடிக்கலாம், குளிசையாக்கிய சாறு கூடாது. அதிலுள்ள கற்றெச்சின் நாளுக்கு 800 மில்லிகிராம் தாண்டினால் ஈரல் என்சைம் ஏறுகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. விற்றமின் ஈ 800 அலகு, சீனி வருத்தம் இல்லாதவருக்கு ஈரல் அழற்சியைக் குறைத்தது. தழும்பைக் குறைத்ததாக நிரூபணமில்லை. டொக்டர் சொன்னால் மட்டும்.

சித்த வைத்தியரிடம் காட்டுவது பிழையா?

பிழையில்லை. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு பெற்றவரிடம் போங்கள், இரத்த ரிப்போட்டையும் குளிசைப் பட்டியலையும் முன்னால் வையுங்கள். பற்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்ந்த மருந்தானால் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெயரில்லாத போத்தலில் வருகிற தூளுக்கும், தொலைபேசியில் காணொளி பார்த்து வரவழைக்கிற பொட்டலத்துக்கும் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

எப்படியும் ஒரு மூலிகை எடுக்கத்தான் போகிறேன். ஒழுங்காக எடுப்பது எப்படி?

தொடங்குமுன் எஸ்.ஜி.பி.ரி, எஸ்.ஜி.ஓ.ரி, பிலிருபின் (செங்கமாரியைக் காட்டுவது), பிளேற்லெற், கிரியற்றினின் (சிறுநீரகத்தைக் காட்டுவது) எடுத்துத் திகதியோடு கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சரக்கு மட்டும். ஐந்தைச் சேர்த்து அரைத்துக் குடித்துவிட்டுச் செங்கமாரி வந்தால் எது செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அளவு மாறாமல் இருக்க வேண்டும். குடிநீர் காய்ச்சுவதில் தவறு நடப்பது இங்கேதான். எட்டுக் கோப்பைத் தண்ணீரை ஒன்றாக வற்ற வைப்பது முறை. ஒரு நாள் இரண்டு கோப்பையில் இறக்கினால் காரம் பாதி, மறுநாள் மறந்துபோய் அரைக் கோப்பைக்கு வற்றினால் இரட்டிப்பு. காய்ந்த சரக்கை இலத்திரனியல் தராசில் நிறுங்கள், "ஒரு பிடி" வேண்டாம். மண்சட்டியில் அல்லது எவர்சில்வரில் காய்ச்சுங்கள். அன்று காய்ச்சியது அன்றைக்கே. ஐப்பசி கார்த்திகை மழையில் சரக்கில் பூஞ்சணம் பிடித்தால் வெயிலில் காயவைத்துப் பாவிக்காமல் எறியுங்கள். பூஞ்சண நஞ்சு காய்ச்சினாலும் போகாது, நேரே ஈரலுக்குத்தான் போகும்.

நான்காவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும் இரத்தம் பாருங்கள். எஸ்.ஜி.பி.ரி தொடங்கிய அளவைவிட மூன்று மடங்கானாலோ, பிலிருபின் ஏறினாலோ, சிறுநீர் தேத்தண்ணி நிறமானாலோ, உடம்பு காரணமில்லாமல் கடித்தாலோ அன்றைக்கே நிறுத்த வேண்டும். என்சைம் இறங்கியது என்பதைத் தழும்பு கரைந்தது என்று எடுக்காதீர்கள். முற்றிய சிரோசிஸிலும் என்சைம் சாதாரணமாக இருக்கும். தழும்பு தெரிய ஃபைப்ரோஸ்கான் எண்ணை ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் கழித்து, அதே முறையில் எடுத்து ஒப்பிடுங்கள்.

கருவாடு, மட்டி, விரதம் எல்லாம் எப்படி?

வயிற்றில் நீர் கட்டியவருக்கு நாள் முழுவதற்குமான உப்பு ஒரு தேக்கரண்டி, 5 கிராம். ஒரு நேரக் கருவாட்டுக் குழம்பு அதில் பெரும்பங்கை எடுத்துவிடும். ஆகவே பச்சை மீன். மீனைக் குறைக்கச் சொல்லவில்லை: சிரோசிஸ் உள்ளவருக்குப் புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம்தான் இருக்கிறது. மிச்சத்தைப் பருப்பு, முட்டை, தயிரில் பிடியுங்கள். "ஈரல் வருத்தத்துக்குப் பத்தியம்" என்று வெறும் கஞ்சியில் போட்டு வைத்தால் தசை கரைந்து ஆள் ஒடிந்துபோவார்.

மட்டி, சிப்பி நன்றாக வெந்திருக்க வேண்டும். சூடான கடல்நீரில் வாழும் ஒரு விப்ரியோ கிருமி சிரோசிஸ் உள்ளவரை இரண்டு நாளில் சாய்த்துவிடும். காலில் வெட்டுக்காயத்தோடு கொட்டியாரக்குடாவில் இறங்குவதும் அதே ஆபத்து.

சிரோசிஸ் ஈரலில் சீனிச் சேமிப்பு குறைவு. இரவு முழுக்கப் பட்டினி கிடந்தால் உடம்பு தசையை எரிக்கும். படுக்கப் போகுமுன் இரண்டு ரொட்டி அல்லது ஒரு கிண்ணம் சோறு சாப்பிடுங்கள். கந்தசஷ்டி விரதமும் ரமழான் நோன்பும் எஃப் 1, எஃப் 2இல் பெரும்பாலும் பிரச்சினையில்லை. வயிற்றில் நீர், இரத்த வாந்தி, மயக்கம் ஒருமுறையாவது வந்தவர்கள் பிடிக்கக் கூடாது.

நோவுக்குப் பனடோல் போடலாமா? ஈரலைக் கெடுக்கும் என்று பயமாக இருக்கிறது.

பயந்து டைக்ளோஃபெனாக் போடுவதுதான் பெரிய பிழை. சிரோசிஸில் அது சிறுநீரகத்தை நிறுத்தும், இரத்தம் கசிய வைக்கும். பனடோல் நாளுக்கு 2 கிராமுக்குள், அதாவது 500 மில்லிகிராம் குளிசை நான்குக்குள், சில நாளுக்குப் போடலாம். சாராயம் குடிக்கிறவர் அதையும் கேட்டுத்தான் போடவேண்டும்.

தழும்புக்கென்றே இங்கிலீஷ் மருந்து இல்லையா?

ஃபற்றி லிவர் அழற்சியில் எஃப் 2, எஃப் 3 உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் ரெஸ்மெற்றிரோம் 2024 மார்ச்சிலும், சீனி வருத்தத்துக்குப் பாவிக்கும் செமக்ளூரைட் 2025 ஓகஸ்ட்டிலும் அனுமதி பெற்றன. சிரோசிஸுக்கு இல்லை.

எப்போது உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்?

இரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம் (இரும்புக் குளிசை எடுப்பவருக்கும் கறுக்கும், ஆனால் பிசுபிசுப்பும் நாற்றமும் இராது), பகலில் தூங்கி இரவில் விழித்துப் பேச்சுத் தடுமாறுவது, நீர் கட்டிய வயிற்றில் காய்ச்சலோடு நோவு. மூதூரிலோ வெருகலிலோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மூலிகை குடிப்பதைச் சொன்னால் டொக்டர் ஏசுவாரே?

ஏசினாலும் சொல்லுங்கள். பொட்டலத்தை அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். செடியானால் பூவும் காயும் வேருமாக ஒரு கொப்பு. எப்போது தொடங்கியது, எத்தனை கிராம், யார் தந்தது என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வோஃபரின் எடுப்பவர், மாற்று ஈரல் அல்லது சிறுநீரகம் வைத்தவர் முதல் நாளே சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்கோ பல் பிடுங்கவோ திகதி தந்திருந்தால் மஞ்சள் குளிசை உட்பட எல்லா மூலிகைச் சரக்கையும் இரண்டு கிழமைக்கு முன்னரே நிறுத்தி, நிறுத்திய திகதியையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.